சிங்கப்பூரின் நான்கு கட்டங்கள்: பல இனச் சமூகம் அன்றாடம் எப்படி நடக்கிறது?

சிங்கப்பூரில் ஒரு தமிழர் தன் அடுக்குமாடி வீட்டை விற்கப் போகிறார் என்று வையுங்கள். ஒரு சீனக் குடும்பம் வந்து பார்க்கிறது, வீடு பிடித்துப்போகிறது, கேட்ட விலையும் தரத் தயார். முடித்துவிடலாமா? சில புளோக்குகளில், அதாவது அடுக்குமாடிக் கட்டடங்களில், முடியாது. அந்த புளோக்கில் சீனர்களுக்கு உரிய பங்கு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அந்த விற்பனை நடக்காது, வேறு இனத்தில் ஆள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எல்லா இனத்தாரும் சிரித்தபடி நிற்கும் சுற்றுலா விளம்பரங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை விட்டுவிட்டு அந்த ஊரின் பழக்கவழக்கங்களை மட்டும் பேசினால் பாதிதான் புரியும் என்பது என் எண்ணம். அதனால் முதலில் கணக்கு, அப்புறம் சாப்பாடு.

சிங்கப்பூர் அரசு தன் மக்களை நான்கு கட்டங்களில் வைத்திருக்கிறது: சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்து சுமார் 42 லட்சம் பேர். இவர்களில் சீனர்கள் ஏறக்குறைய 74 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 13 விழுக்காட்டுக்குச் சற்று மேல், இந்தியர்கள் 9, மிச்சம் மற்றவர்கள். குழந்தை பிறந்ததும் இனம் பதிவாகிவிடும், அந்தப் பதிவு ஆயுசுக்கும் கூடவே வரும். பள்ளியில் என்ன தாய்மொழிப் பாடம், எந்த புளோக்கில் வீடு வாங்கலாம் என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான்.

கட்டங்கள் வெளியிலிருந்து பார்க்கத்தான் நேர்த்தி. சீனர் என்ற ஒரே கட்டத்துக்குள் ஹொக்கியன், தியோச்சூ, கேன்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாத கூட்டங்கள் இருக்கின்றன. மலாய்க்காரர் கட்டத்தில் ஜாவா, பாவியான், சுலாவெசித் தீவுகளிலிருந்து வந்தவர்களின் வாரிசுகளும் அடக்கம். இந்தியர் கட்டமோ இன்னும் விரிந்தது. தமிழர், மலையாளி, பஞ்சாபி, குஜராத்தி மட்டுமில்லை, பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை வழி வந்தவர்களும் கணக்கில் 'இந்தியர்'தான். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை அங்கே அட்டையில் இந்தியராக இருப்பது இப்படித்தான். கலப்பு மணப் பிள்ளைகள் 2011 முதல் இரண்டு இனத்தையும் சேர்த்துப் பதிந்துகொள்ளலாம். ஆனால் வீட்டுப் பங்கு மாதிரி விஷயங்களில் முதலில் எழுதிய இனம்தான் கணக்கு, இரண்டாவது சும்மா உடன் இருக்கும்.

ஆளைப் பிரித்து வைக்கிற பழக்கம் புதிதல்ல. 1819இல் வந்திறங்கிய ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ், 1822இல் போட வைத்த நகரத் திட்டத்திலேயே சீனர்களுக்கு ஆற்றின் தென்கரையில் ஒரு பகுதி, மலாய்க்காரர், அராபியர், பூகிஸ்காரர்களுக்குக் கம்போங் கிளாம், தென்னிந்தியர்களுக்குச் சூலியா கம்போங் என்று தனித்தனியாக வரைந்துவிட்டார்கள். அந்தப் பிரிவு கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு ஓடியது. சீன வட்டாரத்துச் சந்து, மலாய்க் கம்பம் (கிராமம்), இந்தியர்களின் செராங்கூன் சாலை என்று அவரவர் இடத்தில் அவரவர் இருந்தார்கள், சந்தையில் மட்டும் கொச்சை மலாயில் பேசிக்கொண்டார்கள்.

அது எவ்வளவு ஆபத்தான ஏற்பாடு என்பது 1964இல் தெரிந்தது. சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலமாக இருந்த சமயம் அது. ஜூலை 21ஆம் தேதி, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய கைகலப்பு மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரமாக மூண்டது. செப்டம்பரில் மறுபடியும். இரண்டிலும் சேர்த்து 36 உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி தனி நாடானபோது ஆட்சியாளர்களின் மனத்தில் மேலே நின்ற பயம் இதுதான், இன்றைக்கும் அங்கே இனம் சம்பந்தப்பட்ட எந்தச் சட்டத்தை எடுத்தாலும் பேச்சு 1964இல் போய் நிற்கும். பள்ளிக்கூடங்களில் ஜூலை 21ஐ இன நல்லிணக்க நாளாக அனுசரிக்கிறார்கள். பிள்ளைகள் ஒருவர் உடையை ஒருவர் உடுத்திக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள்: சீனச் சிறுமி பாவாடை சட்டையில், தமிழ்ப் பையன் மலாய் பாஜுவில்.

சரி, வீட்டுக்கு வருவோம். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அங்கே எல்லாரும் சொல்கிற மாதிரி வீவக, தொடங்கிய பிறகு கம்பங்களையும் சந்துகளையும் காலி செய்து மக்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். இன்று உள்ளூர்வாசிகளில் முக்கால்வாசிக்கும் அதிகமானோர் வீவக வீடுகளில்தான் இருக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகையில் சொந்தமாக வாங்கி. முதலில் கலந்து குடியேறினார்களே தவிர, வீட்டை விற்று வாங்கத் தொடங்கியதும் மறுபடி ஒரே இனம் ஓரிடத்தில் சேர ஆரம்பித்தது. பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்கள், ஹவ்காங்கில் சீனர்கள் என்று. இது பழைய கதையின் தொடக்கம் என்று பார்த்த அரசு 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கையைக் கொண்டுவந்தது. அதை அறிவித்த அமைச்சர் எஸ். தனபாலன், ஒரு தமிழர்.

விதி இதுதான். ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15. அக்கம்பக்கம் முழுவதற்குமான வரம்பு இதைவிடக் கொஞ்சம் குறைவு. இந்தியர் வரம்பு முதலில் இன்னும் இறுக்கமாக இருந்தது, 2010இல்தான் கூட்டினார்கள். ஒரே இனத்துக்குள் விற்று வாங்கினால் விகிதம் மாறாது, அதற்கு எப்போதும் தடையில்லை. வேறு இனத்துக்கு விற்கும்போதுதான் சிக்கல், அந்தச் சிக்கல் எல்லார் தலையிலும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. சீனர் பங்கு நிரம்பிய புளோக்கில் வீட்டை விற்கும் சீனர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். பக்கத்து வீட்டு இந்தியரால் அது முடியாது. சந்தையில் முக்கால்வாசிப் பேர் சீனர்கள், அவர்கள் அத்தனை பேரும் அவருக்கு இல்லை என்றாகிவிட்டால் மிச்சமிருக்கும் சிலரிடம் பேரம் பேசி வீட்டு விலையை இறக்கித்தான் விற்க வேண்டும். சமத்துவத்துக்காக வந்த விதி, விலையை மட்டும் சிறுபான்மையிடம் வசூலிக்கிறது என்ற குறை பல ஆண்டுகளாக நாடாளுமன்றம் வரை போனது. கடைசியில் 2022இல், அப்படி மாட்டிக்கொண்டவர்களின் வீட்டைச் சில நிபந்தனைகளோடு வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தது.

எனக்கு இந்தக் கொள்கை மேல் முழு வெறுப்பும் கிடையாது, முழுப் பிரியமும் கிடையாது. ஆனால் ஒரே இனத்துக்கான பேட்டை அங்கே இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம் என்பதை மறுக்க முடியாது. லிட்டில் இந்தியாவும் சைனாடவுனும் கடைவீதிகள், கோயில்வீதிகள். அங்கே பொருள் வாங்கப் போகிறவர்கள் குடியிருப்பது வேறெங்கோ, வேறு இனத்து அண்டை வீட்டார் நடுவில்.

இதே கணக்கு மற்ற இடங்களிலும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்சிமொழிகள் நான்கு: மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம். தேசிய மொழி மலாய், தேசிய கீதமும் மலாயில்தான். பள்ளிப் படிப்பு ஆங்கிலத்தில், அதோடு இனத்துக்குரிய தாய்மொழி ஒரு பாடம். நாடாளுமன்றத்துக்கு 1988 முதல் குழுத்தொகுதி முறை, அதாவது வேட்பாளர்கள் குழுவாக நிற்க வேண்டும், குழுவில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவர். விடுமுறைகளைக்கூட எண்ணித்தான் கொடுத்திருக்கிறார்கள். 1968இல் பொது விடுமுறைகளை 11ஆகக் குறைத்தபோது ஒவ்வொரு சமயத்தாரும் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். இந்துக்கள் தீபாவளியை வைத்துக்கொண்டு தைப்பூசத்தை விட்டார்கள். அதனால்தான் தைப்பூசத்தன்று செராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடி எடுக்கிறவர்களில் பலர் அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாள் விடுமுறையை விட்டார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளை 1970களில் உட்புறமாகத் திருப்பிவிட்டு, பாங்கை வானொலியில் ஒலிக்க விட்டதும் இதே மாதிரி ஒரு விட்டுக்கொடுப்புதான்.

இதுவரை சொன்னது அரசு போட்ட கோடு. அந்தக் கோட்டுக்குள் மக்கள் தாங்களாக என்ன செய்துகொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

உணவங்காடி நிலையத்துக்குப் போங்கள். தெருவோரம் தள்ளுவண்டியில் விற்றவர்களை 1970கள், 80களில் கூரைக்குள் கொண்டுவந்ததில் பிறந்த இடங்கள் இவை, 2020இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டன. நடுவில் மேசைகள், சுற்றிலும் சின்னச் சின்னக் கடைகள். மதிய நேரத்தில் போனால் காலி மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலமோ குடையோ இருக்கும். யாரோ மறந்துவிட்டுப் போனதென்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள், இடம் பிடித்தாகிவிட்டது என்று அர்த்தம், ஆள் வரிசையில் நிற்கிறார். இதற்குச் 'சோப்' பண்ணுவது என்று பெயர். சட்டத்தில் எங்கும் இல்லாத இந்த விதியை அந்த ஊர் மீறி நான் பார்த்ததில்லை. சட்டத்தில் இருக்கிற விதி வேறு: சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்து வைக்க வேண்டும், 2021 முதல் அது கட்டாயம். எடுத்து வைக்கும் அடுக்கு இரண்டாக இருக்கும், ஒன்று ஹலால், இன்னொன்று ஹலால் அல்லாதது. பன்றி இறைச்சி சாப்பிட்ட தட்டைக் கொண்டுபோய் ஹலால் அடுக்கில் வைத்தீர்களென்றால் பக்கத்து மேசை ஆண்ட்டி சும்மா விடமாட்டார்.

ஆண்ட்டி, அங்கிள் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. கடைக்காரர், டாக்சி ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர், மின்தூக்கியில் நிற்கும் முதியவர், எல்லாரும் இன வித்தியாசமில்லாமல் ஆண்ட்டி, அங்கிள்தான். பெயர் தெரியாத வயதானவரிடம் 'எக்ஸ்கியூஸ் மீ' என்று தொடங்குகிறவர் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும்.

காப்பி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வெறும் 'கோப்பி' என்றால் கெட்டிப்பால் போட்டு இனிப்பாக வரும். பால் வேண்டாம், சீனி மட்டும் என்றால் 'கோப்பி ஓ'. இனிக்காத ஆவிப்பால் சேர்த்துச் சீனியும் போட்டது 'கோப்பி சி'. சீனியே வேண்டாமென்றால் கடைசியில் 'கோசோங்', இனிப்பு குறைய 'சியூ டாய்', ஐஸ் போட 'பெங்'. ஆக, சீனக் கிழவர் நடத்தும் கடையில் ஒரு தமிழ்ப் பாட்டி 'கோப்பி சி கோசோங் பெங்' என்று ஹொக்கியனையும் ஹைனானீஸையும் மலாயையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் மருமகளைக் குறை சொல்லத் தொடங்குவார். சாப்பாடும் அப்படித்தான். மீ கோரெங் சீன நூடுல்ஸ், ஆனால் இந்திய முஸ்லிம் கடைச் சமையல், பெயர் மலாய். மீன்தலைக் கறியை 1949 வாக்கில் சீன வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்துச் செய்து பார்த்தவர் ஒரு மலையாளி என்று சொல்கிறார்கள், இன்று அதைச் சீனக் கடைகளும் விதவிதமாகச் செய்கின்றன.

அடுத்தது புளோக்கின் கீழ்த்தளம். பெரும்பாலான வீவக புளோக்குகளில் தரைத்தளத்தில் வீடுகள் இருக்காது, தூண்களோடு திறந்த கூடமாக விட்டிருப்பார்கள். நகர மன்றத்தில் அனுமதி வாங்கிவிட்டு யாரும் பயன்படுத்தலாம். ஒரு சனி ஞாயிறில் மலாய்க் கல்யாணம். சாலையோரத்தில் மினுக்குத் தாள் சுற்றிய 'புங்கா மங்கார்' அலங்காரக் கழிகள் நட்டிருக்கும், அதைப் பின்தொடர்ந்தால் பந்தல், பெரிய அண்டாக்களில் பிரியாணி, மாப்பிள்ளை வரும்போது கொம்பாங் மேளம். அடுத்த வாரம் அதே கூடத்தில் சீன மரணச் சடங்கு. மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை நாள்களுக்கு உடலை வைத்திருப்பார்கள், இரவெல்லாம் உறவினர்கள் வட்ட மேசைகளில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டே விழித்திருப்பார்கள். மேல் மாடியில் இருப்பவர்கள் மேளத்தையும் மந்திரத்தையும் சகித்துக்கொண்டு தூங்கப் பழகியிருக்கிறார்கள். நாளை நம் வீட்டு விசேஷமும் துக்கமும் இங்கேதான் நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பண்டிகைகளில் வீட்டுக்கு அழைப்பது வழக்கம், எந்த இனத்து வீடானாலும் செருப்பு வாசலில். சீனப் புத்தாண்டுக்குப் போனால் இரண்டு ஆரஞ்சு கொண்டுபோய் இரு கையாலும் கொடுங்கள், அவர்களும் இரண்டு திருப்பித் தருவார்கள். மணமானவர்கள் பிள்ளைகளுக்கும் மணமாகாதவர்களுக்கும் சிவப்பு உறையில் அங்பாவ் கொடுப்பார்கள். இந்தப் பழக்கம் மற்றவர்களையும் தொற்றிக்கொண்டு நோன்புப் பெருநாளுக்குப் பச்சை உறை, தீபாவளிக்கு வேறு நிறத்தில் உறை என்று வந்துவிட்டது, வங்கிகளே அச்சடித்துத் தருகின்றன. உறைக்குள் இருக்கும் தொகை மகிழ்ச்சிக்கு இரட்டைப்படை, சீனர் துக்க வீட்டில் வெள்ளை உறையில் ஒற்றைப்படை. நம்மூரில் மொய்க்கு ஒரு ரூபாய் கூட்டி வைக்கிற பழக்கத்தை அங்கே சீனக் கல்யாணத்தில் காட்டினால் விபரீதமாகிவிடும், இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். மலாய் வீட்டுக்குத் தின்பண்டம் வாங்கிப் போனால் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் ஊரெங்கும் தாள் எரியும் வாசனை வரும். முன்னோர் ஆவிகளுக்காக இரும்புத் தொட்டிகளில் எரிப்பார்கள், புல்தரையில் படையல் வைத்திருப்பார்கள், அதை மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டும். அந்த மாதம் திறந்தவெளி மேடைகளில் நடக்கும் 'கெத்தாய்' பாட்டு நிகழ்ச்சிகளில் முதல் வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தால் அவை ஆவிகளுக்கு, நீங்கள் இரண்டாவது வரிசைக்குப் போங்கள்.

கோயில் விஷயத்தில் வாட்டர்லூ தெருவை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். குவான் இம் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில். குவான் இம்மை வணங்கிவிட்டு வெளியே வரும் சீன பக்தர்கள் அப்படியே கிருஷ்ணன் கோயில் வாசலில் நின்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அதற்கெனப் பெரிய ஊதுபத்திச் சட்டியே வாசலில் இருக்கிறது. இதை எந்த அமைச்சகமும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

எல்லாம் இப்படியே சுமுகம் என்று நினைத்துவிட வேண்டாம். வாடகைக்கு வீடு தேடும் இந்தியர்களிடம் 'கறி சமைப்பீர்களா' (கறி என்றால் அங்கே மசாலாக் குழம்பு) என்று கேட்டுவிட்டு வைத்துவிடும் தொலைபேசிகள் உண்டு. 2011இல் ஒரு செய்தி வந்தது: சீனாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம் பக்கத்து இந்தியக் குடும்பத்தின் கறி வாசனையைப் பற்றிப் புகார் செய்ய, சமரசப் பேச்சில், சீனக் குடும்பத்தார் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பதென்று முடிவானதாம். ஊர் கொதித்துவிட்டது. ஆகஸ்ட் 21ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கறி சமைப்போம் என்று இணையத்தில் அழைப்பு கிளம்பி ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துகொண்டார்கள், அதில் உள்ளூர்ச் சீனர்கள் ஏராளம். கறி எங்கள் எல்லாருடையதும் என்பது அவர்கள் வாதம். அழகான விஷயம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் பாதி புதிதாக வந்த வெளிநாட்டவர் மேல் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்த வெளிநாட்டவர் கணக்கு நான்கு கட்டங்களுக்கு வெளியே இருக்கிறது. தீவில் இருப்பவர்கள் மொத்தம் சுமார் 60 லட்சம், அதில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிமக்களும் அல்ல, நிரந்தரவாசிகளும் அல்ல. கட்டடங்களையும் ரயில்பாதைகளையும் கட்டுகிற தமிழ்நாட்டு, பங்களாதேஷ் தொழிலாளர்கள் இதில் அடக்கம், வீட்டு வேலை செய்யும் பிலிப்பினோ, இந்தோனேசியப் பணிப்பெண்களும். கட்டுமானத் தொழிலாளர்கள் பலர் வசிப்பது ஊருக்கு ஒதுக்குப்புறமான விடுதிகளில், எந்த புளோக் விகிதத்திலும் அவர்கள் வரமாட்டார்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் உள்ளூர்க் குடிமகளையோ குடிமகனையோ மணக்க வேண்டுமானால் அரசின் ஒப்புதல் வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இவர்களில் பெரும்பகுதி லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கும் செராங்கூன் சாலைக்கும் வந்துவிடுவார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப, முடிவெட்ட, சொந்தக்காரப் பையனைப் பார்க்க, சும்மா புல்லில் உட்கார. 2013 டிசம்பர் 8ஆம் தேதி அங்கே ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளர் பேருந்தில் அடிபட்டு இறந்தபோது கலவரம் வெடித்தது, பல பத்தாண்டுகளில் அந்த நாடு பார்த்த முதல் கலவரம். அதன் பிறகு வந்த சட்டத்தின்படி, தீவு முழுக்க இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக்கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங் வட்டாரத்திலும் சனிக்கிழமை காலை 7 மணிக்கே அந்தத் தடை தொடங்கிவிடும், திங்கள் காலை 7 மணி வரை நீங்காது. வேலைக்காக அங்கே போகிறவர்கள் முதல் ஞாயிறுக்கு முன்பே இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.